நிலைப்படியை அறுக்கச் சொல்லி ஒரு வரி

கண்ணு சாமி,

கடிதம் என்றால் முதலில் "இங்கே நாங்கள் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது" என்று போட வேண்டும். அந்த வரியை எழுதி எழுதி அடித்துவிட்டேன். உன் ஆத்தா மறுபடியும் விழுந்துவிட்டாள். உயிருக்கு ஒன்றுமில்லை, எலும்பும் முறியவில்லை, பதறாதே. ஆனால் இது மூன்றாவது தடவை. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அதைத் தடுக்க உன் ஒருவனால்தான் முடியும். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறவன், இங்கே ஆத்தா விழுவதை எப்படித் தடுப்பேன் என்று கேட்பாய். ஒரு வரி எழுதித் தடுக்கலாம். அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் இவ்வளவு காகிதத்தையும் கெடுக்கிறேன். வழியில் இதைப் பிரித்துப் படிக்கிற அதிகாரி யாரோ, அவரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும். இதில் யுத்த ரகசியம் எதுவும் கிடையாது, ஒரு வீட்டு வாசப்படியின் கதைதான். அவரைப் பெற்றவளும் எங்கேயோ ஒரு வாசப்படியைத் தாண்டிக்கொண்டுதான் இருப்பாள்.

நம் வீட்டு நிலைப்படி உனக்குத் தெரியும். நீ தவழ்ந்து போய் முட்டிக்கொண்டு அழுத முதல் மரம் அதுதான். இந்தத் தோட்டத்தில் நான் வீடு கட்டியபோது, என் பெரியப்பன் மகன் வீட்டுப் படியைவிட நம்முடையது நாலு விரற்கடையாவது உயரமாக இருக்க வேண்டும் என்று ஆசாரியிடம் சொன்னேன். பாம்பு வராது, மழைத்தண்ணீர் ஏறாது, கோழி தாண்டாது என்று ஊருக்குக் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வெறும் ஜம்பம். கொல்லிமலை வேங்கை மரம், ஒரு சாணுக்கு மேல் உயரம். அன்றைக்கு உன் ஆத்தா சின்னப் பெண். இடுப்பில் குடமும் தலையில் கூடையுமாக அந்தப் படியைக் குனிந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போவாள். வீடு கட்டுகிறவன் தன் வாலிபத்தை அளவுகோலாக வைத்துக் கட்டுகிறான். அதே வீட்டில் கிழவனாகக் கிடக்கப்போகிறவனும் தான்தான் என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. நீ திரும்பி வந்து ஒரு வீடு கட்டினால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

படி உயரமாக இருந்தால் என்ன, மிதித்து ஏறி மிதித்து இறங்கினால் போச்சு என்று பட்டாளத்தில் உன் கூட இருக்கிறவர்கள் சொல்வார்கள். நம் வீட்டில் வளர்ந்த உனக்குத் தெரியும். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, அதில் உட்காரக் கூடாது, அதன் மேல் நின்று பேசக்கூடக் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற மரத்தில் கால் படலாமா? நீ சின்ன வயதில் அதில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றதற்கு உன் ஆத்தா தொடையில் கிள்ளி எழுப்பியிருக்கிறாள். அதனால் முழங்கால் நோகிறவர்களுக்கு அது ஒரு படி அல்ல, மதில். இரண்டு வருஷமாக அவளுடைய வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. சாண் உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டும், அந்தப் பக்கம் வைக்கிற வரை இன்னொரு காலில் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாள்.

நிதானமாகத் தாண்டினால் அவள் விழுவதில்லை. ஓடும்போதுதான் விழுகிறாள். அவள் ஓடுவது உன் காயிதத்துக்காக.

முதல் தடவை விழுந்ததை நான் உனக்கு எழுதவே இல்லை. நீ போய் வெகுநாள் ஒரு தகவலும் இல்லாமல் இருந்து, பிறகு உன் முதல் காயிதம் வந்ததே, அன்றைக்கு. தபால்காரர் வேலிப்படலுக்கு வெளியிலிருந்தே, "பட்டாளத்துக் காயிதமுங்கோ!" என்று குரல் கொடுத்தார். பாவம், நல்ல சேதியை நாலு எட்டு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்கிற ஆசை அவருக்கு. உள்ளே ராகிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பெருவிரல் படியில் இடித்தது. வாசலில் குப்புற விழுந்தாள். நான் போய்த் தூக்கினால் உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று மண்ணில் கிடக்கிறது. அப்போதும் என்னைப் பார்த்து, "என்னெப் பாக்காதீங்க, காயிதத்தப் பிரிங்க. என்ன எழுதியிருக்கறான், படிங்க" என்றாள். ரத்தத்தைத் துடைக்க விட்டால்தானே. நான் படித்து முடிக்கிற வரை அந்த மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டாள். எருமை கன்று போட்டதா என்று நீ கேட்டிருந்தாய். அதற்குச் சிரித்தாள். ஓட்டைப் பல்லோடு அவள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி அந்த விஷயத்தை அப்படியே விட்டேன். அன்றைக்கே அந்தப் படியை ஒரு வழி பண்ணியிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அதைத்தான் "ஆத்தாவுக்குக் கையில் லேசான சுளுக்கு" என்று உனக்கு எழுதினேன். கட்டு வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தூக்க முடியவில்லை. மூன்றாவது தடவை போன வாரம். அது உன் காயிதம்கூட இல்லை, சாமி. உப்பு விற்கிறவன் படலுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ கூவினான். இவள் தபால் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்புப் பக்கமாக விழுந்து, எழ முடியாமல், "அது அவனில்லீங்களா? தபால் இல்லீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள். வைத்தியர் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "எலும்பு தப்பிச்சிருச்சுங்க. அடுத்த வாட்டி இந்த எடத்துல முறிஞ்சா என்னைக் கூப்புடாதீங்க. என்னால ஆகாது" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை வைத்தியர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாரு, என்னைப் பெற்றவர், போனது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மாட்டுத் தொட்டி ஓரத்துப் பாசிக் கல்லில் வழுக்கி விழுந்தார். விழுந்தது என்னவோ ஒரு நொடி. ஆடி மாசம் படுத்தவர் பொங்கல் வரை கிடந்தார். ஆறடி ஆள், கிணற்று மேட்டில் நின்று கூப்பிட்டால் அடுத்த தோட்டத்தில் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த மனிதன் புரண்டு படுக்க முடியாமல் முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்தார். வேப்பிலையை விரித்து அதன் மேல் வாழையிலை போட்டுக் கிடத்தினோம். கழுவினது, துடைத்தது, கூழைக் கரைத்து ஊற்றினது எல்லாம் உன் ஆத்தாதான். கடைசியில் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை, சாவைத்தான் கேட்டார். அவரை எடுத்துப் போட்டுவிட்டு வந்து உன் ஆத்தா என்னிடம் சொன்னாள்: "என்னை இப்படி மட்டும் கெடக்க உட்டறாதீங்க. அதுக்குக் கெணத்துல தள்ளிப்போடுங்க." அதை நான் மறக்கவில்லை. அவளும் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு பயம் வந்திருக்காது எனக்கு.

அந்தத் தொட்டிக் கல்லை அப்போதே பெயர்த்துப் போட்டுவிட்டேன். இப்போது இவளுக்காக என்னவெல்லாம் செய்திருக்கிறேன் தெரியுமா? குளிக்கிற கல்லில் பாசியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து எடுத்து மணல் கொட்டியிருக்கிறேன். நடு வீட்டில் கிடந்த கோழிக் கூடை, உலக்கை, கடலைச் சாக்கு எல்லாவற்றையும் சுவரோரம் ஒதுக்கினேன். சாணி போட்டு மெழுகினால் தரை காய்கிற வரை அவளைக் கட்டிலை விட்டு இறங்கவிடுவதில்லை. சீமெண்ணெய் கிடைக்காத காலம், இருந்தாலும் மாடத்தில் ஆமணக்கெண்ணெய் விளக்கைப் பொழுதிருக்கும்போதே ஏற்றிவிடுகிறேன். கிணற்றுப் பழைய வடத்தைக் கட்டில் முதல் பின் வாசல் வரை சுவரில் முளை அடித்துக் கட்டியிருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். "மாட்டைக் கட்டற கவுத்துல என்னையும் கட்டிப்போட்டீங்களாக்கும்" என்று கேலி வேறு. கேலி பேசினாலும் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள், அது போதும். கைத்தடி செதுக்கிக் கொடுத்தேன், அதைக் கிழவிகளுக்குக் கொடுங்கள் என்று கோழி விரட்ட வைத்துக்கொண்டாள். நான் செய்ததெல்லாம் வீட்டுக்குள்ளே பலித்தது. அந்த ஒரு வாசலில் ஒன்றும் பலிக்கவில்லை.

படிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு பலகைக்கல் போட்டுப் பார்த்தேன். உயரம் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். உன் அடுத்த காயிதத்துக்கு ஓடி வந்தவள் கல்லில் ஏறி, படியைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் கல்லின் விளிம்பில் கால் வைத்துத் தடுமாறினாள். மணிக்கட்டு முறிந்தது அப்போதுதான். என் மூளை அவள் கையை முறித்தது. பிறகு இரண்டு பக்கமும் மண் கொட்டிப் படியின் தலை வரை சரிவாக மெத்திவிடலாம் என்று கூடை கூடையாகச் செம்மண் சுமந்தேன். மத்தியானம் நான் சோளக்காட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள், கட்டுப் போட்ட கையோடு, மற்றக் கையால் அவ்வளவு மண்ணையும் தள்ளிவிட்டாள். "நெலைப்படியப் பொதைக்கறதும் குடியப் பொதைக்கறதும் ஒண்ணுதானுங்க. எம்பையன் எங்கியோ குண்டு உழுகற சீமையில இருக்கறான். உங்களுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. நான் மண்வெட்டியை வைத்துவிட்டேன்.

பின் வாசலில் படி கிடையாது, மாட்டுக் கொட்டகைப் பக்கமாகச் சமதரையில் போகலாம். அந்த வழியாகப் போய்வா என்றால் மற்ற வேலைக்கெல்லாம் போகிறாள். உன் காயிதத்துக்கு மட்டும் போக மாட்டாள். புள்ளை போன வாசலில்தான் புள்ளை சேதி வர வேண்டுமாம். அதனால் தபால்காரரிடம் நான் கெஞ்சினேன். கூவாதீர்கள், கிணற்று மேட்டுக்கு வந்து என் கையில் கொடுங்கள் என்றேன். அவரும் ஒரு தடவை அப்படிச் செய்தார். நான் காயிதத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினால் அவள் முகம் வெளிறிவிட்டது. "ஏனுங்க, இது ஏன் உங்க கைக்கு வந்துச்சு? எதையோ மறைக்கறீங்க. கெட்ட சேதியத்தான் ஆம்பளைக கையில ஒளிச்சுக் குடுப்பாங்க" என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் தபால்காரரைக் கூப்பிட்டு, வாசலுக்கே கொண்டுவர வேண்டும், படலுக்கு வெளியிலேயே குரல் கொடுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ புறப்பட்ட அன்று நடந்ததை நினைத்துப் பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது உன் கால் அந்தப் படியில் இடித்தது. "நெலை தட்டிருச்சு சாமி. உக்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றாள். நீ சிரித்தாய். "கரி வண்டி போயிருமாத்தா" என்று சொல்லி, நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தாய். புதுச்சத்திரத்தில் அந்த பஸ் அடுப்பு மூட்டிக் கரி போட்டுக் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நீ உட்காரவில்லை. அவள் மனசில் அது முள்ளாகத் தைத்துவிட்டது. நீ கண்ணுக்கு மறைந்த பிறகு படியின் முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து நிலைக்காலில் கட்டினாள். "என்ற பையன் இதே வாசல்ல நொழையற வரைக்கும் உன்ற மேல ஒரு கை பட உடமாட்டேன் தாயே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அவளைப் பொறுத்தவரை நீ உயிரோடு இருப்பது அந்தப் படி முழுசாக இருப்பதால்தான். விழுந்து பல் போனாலும் கை போனாலும் அது உனக்காகப் போனது என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் அவள் விழுந்த மறுநாள் ஆசாரியை வரச்சொன்னேன். இரண்டு முனையிலும் ரம்பம் போட்டு அந்தக் கட்டையை எடுத்துவிட்டால் வாசல் சமதரையாகிவிடும், அரை நாள் வேலை. அவர் வந்து சாமான் பையை இறக்கினதைப் பார்த்ததும் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டாள். வாசலில் நின்று இரண்டு நிலைக்காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நீலமாக வீங்கின இடுப்போடு. "அறுக்கறதுன்னா என்ற கையச் சேத்து அறுங்க" என்றாள். ஆசாரி ரம்பத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, "அம்மிணி சொல்லாம நான் தொடமாட்டேனுங்க. என்ற ஊட்டுலயும் புள்ளைக இருக்குது" என்று போய்விட்டார். எருமப்பட்டியிலிருந்து உன் அக்கா வந்து நாலு நாள் இருந்தாள். அவளும் அழுது பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், கடைசியில் மாமியார்க்காரி ஆள் அனுப்பினதும் போய்விட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை.

இவள் தூங்குகிறபோது நீங்களே அறுத்திருக்கலாமே என்று கேட்பாய். ரம்பம் நம் வீட்டிலேயே இருக்கிறது. அவளைப் பின்புறம் குளிக்க வைத்துவிட்டு ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படியின் முன்னால் உட்கார்ந்தேன். சகுனம், சாங்கியம் என்று ஊரையெல்லாம் கேலி பேசுகிறவன் நான், அது உனக்குத் தெரியும். ஆனால் ரம்பத்தை மரத்தில் வைத்தபோது, நீ எங்கேயோ இருட்டில் லாரி ஓட்டிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரிந்தது. கை எழவில்லை, சாமி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் பயம். இதை அறுத்த பிறகு உனக்கு ஒன்று என்றால் — எழுதவே கை கூசுகிறது — அவள் என்னைப் பார்க்கிற பார்வையை நான் தாங்க மாட்டேன். அறுக்காமல் விட்டு அவளுக்கு ஒன்று என்றால், நீ திரும்பி வந்து என்னைப் பார்க்கிற பார்வையையும் தாங்க மாட்டேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கட்டை மரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் குளித்துவிட்டுக் கூப்பிட்டாள். ரம்பத்தைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டுப் போனேன்.

என்னாலும் இனி முடியவில்லை. கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும்போது உருளை போடுகிற சத்தத்தில் அவள் கூப்பிட்டால் கேட்காது. அதனால் நாலு சால் இறைப்பதும், மாட்டை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பதும், திரும்பி வருவதுமாக இருக்கிறேன். வெங்காயப் பாத்தி பாதி காய்கிறது. காய்ந்தால் காயட்டும். போன வாரம் அவளை மண்ணிலிருந்து தூக்கியபோது என் தோளில் ஏதோ பிசகிக்கொண்டது. இன்னொரு தடவை அவள் விழுந்தால் தூக்குவதற்கு இந்த வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் உண்மை.

கடைசியாக மாரியம்மன் கோயில் பூசாரியிடம் போனேன். அவர் யோசித்துவிட்டு, வேண்டுதல் யார் பேரில் இருக்கிறதோ அவனே மனசார "வேண்டாம், அவிழ்த்துவிடு" என்று சொன்னால் மாரியாத்தாளுக்குக் குறை கிடையாது என்றார். அவரை வீட்டுக்கே கூட்டிவந்து அவள் முன்னால் சொல்ல வைத்தேன். "அவன் வாயால சொல்லட்டும். பாக்கலாம்" என்றாள். சாமி, இந்த நாலு சொல்லுக்காக நான் அவளைக் கையெடுத்துக் கும்பிடவில்லை, அவ்வளவுதான்.

அவள் கை முறிந்த பிறகே இந்தப் படியைப் பற்றி உனக்கு இரண்டு காயிதம் போட்டேன். அவை வந்து சேரவில்லை போலிருக்கிறது, உன் பதிலில் ஒரு சொல் இல்லை. பொறுக்க மாட்டாமல், அந்தப் பதிலை அவளுக்குப் படிக்கும்போது, நீ எழுதினதுபோல ஒரு வரியை நானே சேர்த்துப் படித்துப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவள்தானே என்று நினைத்தேன். "ஆத்தா, அந்தப் படியை அறுத்துவிடு" என்று உன் வரிகளுக்கு நடுவில் படித்தேன். அவள் உடனே, "இது அவன் எழுதுனதில்லீங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "அந்த எடத்துல உங்க குரல் கெஞ்சுதுங்க. அவன் எதுக்குங்க எங்கிட்டக் கெஞ்சறான்?" என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் என் குரலோடு குடித்தனம் நடத்தினவளை ஏமாற்ற முடியுமா?

அதனால் நீ எழுதும்போது கெஞ்சாதே. எப்போதும்போல அதட்டி எழுது. "ஆத்தா, முடிச்சை அவிழ்த்துவிட்டுப் படியை அறுக்கச் சொல்லு. நான் சொல்கிறேன்" என்று ஒரு வரி. நிலை தட்டிய அன்று உட்காராமல் போனதற்காக, இப்போது இருக்கிற இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடி. குடித்தேன் என்று அதையும் எழுது. சிரிக்காதே, நான் கேட்கிறேன், குடி. அப்புறம் உனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சேர்த்து எழுது. எனக்குத் தெரியாமல் நீங்கள் இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்றா இரண்டா? வெண்ணெயை விற்று நீ குமாரபாளையம் போய் வந்ததாக இருக்கலாம், வேறு ஏதாவதாக இருக்கலாம். அதைக் கேட்டால்தான் இது நீயே எழுதினது என்று நம்புவாள். படித்துக் காட்டப்போகிறவன் நான்தான், எனக்கும் தெரிந்துபோகும். பரவாயில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க ஒரு தகப்பனுக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் எழுதவே மனசு வரவில்லை. இந்தக் கடிதத்துக்கு நீ எழுதும் பதில் இந்த வீட்டுக்கு வந்தால், அது வரும் நாளில் அந்தப் படி அங்கேயேதான் இருக்கும். தபால்காரர் படலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுப்பார். படியை அறுக்கச் சொல்லி நீ எழுதின காயிதத்தை வாங்க, அவள் அந்தப் படியைத் தாண்டித்தான் ஓடி வருவாள். எனவே வீட்டு விலாசம் போடாதே. புதுச்சத்திரத்தில் பஸ் நிற்கிற இடத்து மளிகைக்கடை விலாசத்துக்கு என் பேருக்குப் போடு. நான் தினமும் போய்க் கேட்டு வருகிறேன். பின் வாசல் வழியாகக் கொண்டுபோய் அவள் கட்டிலில் உட்கார்ந்து படிக்கிறேன். ஆண் பிள்ளை கையில் வந்த காயிதம் என்று சந்தேகப்படுவாள். நீ சேர்த்து எழுதுகிற அந்த ரகசியம்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும். அதுவரை வேறு காயிதம் எதுவும் வீட்டுக்குப் போடாதே. உன் எழுத்துக்காகத் தவம் கிடக்கிறவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எழுதாதே என்று நான் உனக்கு எழுதுகிறேன். என் கதி எப்படி ஆகிவிட்டது பார்.

இப்போதுகூட அவள் உள்ளிருந்து, "யாருக்கு இம்புட்டு நேரமா எழுதறீங்க? அவனுக்குன்னா நான் கேட்டதாச் சொல்லுங்க, நான் நல்லா இருக்கறேன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். அவள் சொன்னது அது, நான் சொன்னது மேலே இருக்கிறது. எதை நம்புவது என்று உனக்குத் தெரியும்.

சீக்கிரம் எழுது, சாமி. அந்த மரம் போகட்டும். அதற்கப்புறம் எத்தனை காயிதம் வேண்டுமானாலும் வாசலுக்கே போடு. தபால்காரர் தொண்டை கிழியக் கூவட்டும். அவள் ஓடட்டும்.

உன் அய்யன்